பருமனான உடலில் இரும்புச்சத்து ஏன் குறைகிறது?

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று (2019–21) தமிழ்நாட்டுப் பெண்களைப் பற்றி இரண்டு எண்களைத் தருகிறது. 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயதினரில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். முதல் எண் சத்து போதவில்லை என்கிறது. இரண்டாவது எண், சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்கிறது. இவை இரண்டும் வேறு வேறு வீட்டுப் பெண்களைப் பற்றியவை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஒரே பெண்ணுக்கு இரண்டும் சேர்ந்து இருப்பது மருத்துவமனைகளில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய விஷயம். "நல்லா சாப்பிடுற உடம்புதானே, ரத்தம் எப்படிக் குறையும்?" என்று வீட்டிலேயே கேட்பார்கள்.

இதற்குப் பதில் தட்டில் என்ன இருக்கிறது என்பதில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி, தட்டில் இருக்கும் இரும்பை உடல் உள்ளே விடுகிறதா என்பதில் இருக்கிறது. அந்த முடிவை எடுப்பது கல்லீரல். பருமன் அந்த முடிவில் தலையிடுகிறது.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

ரத்தசோகை என்பது ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்த நிலை. கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே, ஆண்களுக்கு 13-க்குக் கீழே, கர்ப்பிணிகளுக்கு 11-க்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இரும்புக் குறைபாடு என்பது உடலின் இரும்புக் கையிருப்பு தீர்ந்துபோன நிலை.

இரண்டும் ஒன்றல்ல. பி12, ஃபோலேட் குறைந்தாலும், சிறுநீரகம் கெட்டாலும், தலசீமியா போன்ற பரம்பரைக் கோளாறு இருந்தாலும் ரத்தசோகை வரும். அதேபோல, ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருக்கும்போதே இரும்புக் கையிருப்பு காலியாகியிருக்கலாம். உடல் முதலில் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கிறது. அப்புறம் ரத்தத்தில் ஓடும் இரும்பு குறைகிறது. கடைசியாகத்தான் ஹீமோகுளோபின் இறங்குகிறது. சோர்வு, மூச்சிரைப்பு, முடி கொட்டுவது போன்றவை அதற்கு முன்பே ஆரம்பித்துவிடலாம்.

உடலில் எவ்வளவு இரும்பு இருக்கிறது, எங்கே இருக்கிறது?

வளர்ந்த ஒருவரின் உடலில் மொத்தமாக 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சிவப்பணுக்களில் ஹீமோகுளோபினாக இருக்கிறது. தசைகளிலும் நொதிகளிலும் கொஞ்சம். மிச்சம் கல்லீரலிலும், மண்ணீரல் போன்ற இடங்களில் உள்ள மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கணுக்களிலும் ஃபெரிட்டின் என்ற புரதத்துக்குள் சேமிப்பாக இருக்கிறது. ஆண்களிடம் இந்தச் சேமிப்பு ஒரு கிராம் வரை போகலாம். மாதவிடாய் உள்ள பெண்களிடம் 300 மில்லிகிராம் இருந்தாலே நல்ல நிலை.

இப்போது வரவு செலவைப் பாருங்கள். சிவப்பணு ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாள். தினமும் செத்துப்போகும் அணுக்களை விழுங்கணுக்கள் உடைத்து, 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பை மீட்டு எடுக்கின்றன. புது அணுக்கள் செய்ய எலும்பு மஜ்ஜைக்குத் தேவைப்படுவதும் ஏறக்குறைய அதே அளவுதான். குடல் வழியாக வெளியிலிருந்து வருவது நாளுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே. அதாவது உடல் ஓடுவது பெரும்பாலும் பழைய இரும்பை வைத்துத்தான். இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பருமன் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். சோடியமோ பொட்டாசியமோ மிகுந்தால் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். இரும்புக்கு அப்படி ஒரு வெளியேற்றும் வழியே கிடையாது. தோலும் குடல் சுவரும் உதிரும்போது கொஞ்சம் போகும், மாதவிடாயில் போகும், அவ்வளவுதான். மிகுந்துபோன இரும்பு கல்லீரல், இதயம், கணையம் ஆகியவற்றில் படிந்து அந்த உறுப்புகளைக் கெடுக்கும். உள்ளே வந்ததை வெளியே அனுப்ப முடியாது என்பதால், உள்ளே விடும் இடத்திலேயே உடல் கண்டிப்பாக இருக்கிறது. இரும்புக் கட்டுப்பாடு முழுவதும் இந்த ஒரு காரணத்தைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது.

குடலில் என்ன நடக்கிறது?

இரும்பு உறிஞ்சப்படுவது பெரும்பாலும் இரைப்பையை அடுத்து வரும் முன்சிறுகுடலில். கீரை, பருப்பு, தானியங்களில் உள்ள இரும்பை அங்குள்ள குடல் அணு அப்படியே எடுத்துக்கொள்ளாது. இரைப்பை அமிலம் அதைக் கரைத்துத் தர வேண்டும். அணுவின் மேற்பரப்பில் உள்ள ஒரு நொதி அதை வேறு வேதி வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகுதான் அது அணுவுக்குள் நுழையும். இறைச்சி, மீன், ஈரல் ஆகியவற்றில் ஹீம் வடிவில் உள்ள இரும்புக்குத் தனி வழி உண்டு. அது சுலபமாக உள்ளே போய்விடும்.

அணுவுக்குள் நுழைந்துவிட்டால் உடலுக்குக் கிடைத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. குடல் அணுவின் மறுபக்கம், அதாவது ரத்தத்தைப் பார்த்த பக்கம், ஃபெர்ரோபோர்ட்டின் என்ற புரதம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்த புரதம் இது. அணுவிலிருந்து இரும்பு வெளியே வர நமக்குத் தெரிந்த ஒரே வாசல் இதுதான். வாசல் திறந்திருந்தால் இரும்பு ரத்தத்துக்கு வந்து, டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தில் ஏறி எலும்பு மஜ்ஜைக்குப் போகும். சாத்தியிருந்தால் குடல் அணுவுக்குள்ளேயே ஃபெரிட்டினில் அடைந்து கிடக்கும். குடல் அணுவின் ஆயுள் மூன்று முதல் ஐந்து நாள். அது உதிரும்போது உள்ளே இருக்கும் இரும்பும் மலத்தோடு போய்விடும். சாப்பிட்டதும் உண்மை, குடல் எடுத்துக்கொண்டதும் உண்மை, ஆனாலும் உடலுக்கு அது வந்து சேரவில்லை.

பழைய சிவப்பணுக்களை உடைக்கும் விழுங்கணுக்களிலும், சேமிப்பு வைத்திருக்கும் கல்லீரல் அணுக்களிலும் இதே ஃபெர்ரோபோர்ட்டின்தான் வாசல். ஆக, இந்த ஒரு புரதத்தைக் கையில் வைத்திருப்பவர் உடலின் மொத்த இரும்பையும் கையில் வைத்திருக்கிறார்.

ஹெப்சிடின்: கல்லீரலின் கட்டளை

அந்தக் கை ஹெப்சிடின். வெறும் 25 அமினோ அமிலங்களால் ஆன சின்ன ஹார்மோன், கல்லீரல் சுரப்பது. 2000, 2001 ஆண்டுகளில் இதை முதலில் கண்டவர்கள் கிருமிகளைக் கொல்லும் ஒரு பொருளாகத்தான் பார்த்தார்கள். 2001-இல் பிரான்ஸில், ஹெப்சிடின் சுரக்காத எலிகளின் உடலில் இரும்பு கட்டுக்கடங்காமல் சேர்வதைக் கவனித்தார்கள். அப்போதுதான் இது இரும்பைக் கட்டுப்படுத்தும் பொருள் என்பது புரிந்தது. 2004-இல் எலிசபெத் நெமெத், தாமஸ் கான்ஸ் முதலானோர் அது வேலை செய்யும் விதத்தைக் காட்டினார்கள். ஹெப்சிடின் போய் ஃபெர்ரோபோர்ட்டினோடு ஒட்டும். ஒட்டியவுடன் அணு அந்த வாசலை உள்ளே இழுத்துச் சிதைத்துவிடும்.

ஹெப்சிடின் கூடினால் வாசல்கள் குறையும், ரத்தத்தில் இரும்பு இறங்கும். ஹெப்சிடின் குறைந்தால் வாசல்கள் பெருகும், இரும்பு தாராளமாக உள்ளே வரும். சரி, கல்லீரல் எதைப் பார்த்து இதைக் கூட்டிக் குறைக்கிறது?

1. இரும்பின் அளவு. ரத்தத்திலும் கல்லீரலிலும் இரும்பு ஏறினால் ஹெப்சிடின் ஏறும். இறங்கினால் இறங்கும்.

2. எலும்பு மஜ்ஜையின் தேவை. ரத்தம் இழந்த பிறகு மஜ்ஜை வேகமாக அணுக்களைச் செய்யும்போது எரித்ரோஃபெர்ரோன் என்ற ஹார்மோனை அனுப்பும் (இது 2014-இல்தான் தெரியவந்தது). அது ஹெப்சிடினை அடக்கி, இரும்பை வரவழைக்கும். தலசீமியாவில் மஜ்ஜை ஓயாமல் இந்தக் கோரிக்கையை அனுப்பிக்கொண்டே இருப்பதால்தான், ரத்தம் ஏற்றாத நோயாளிகளுக்கும் இரும்பு மிகுந்துபோகிறது.

3. ஆக்சிஜன் குறைவு. இதுவும் ஹெப்சிடினைக் குறைக்கும்.

4. அழற்சி, அதாவது தொற்றுக்கோ காயத்துக்கோ எதிராக நோயெதிர்ப்பு அணுக்கள் கிளர்ந்திருக்கும் நிலை. இது மட்டும் மற்ற மூன்றையும் மீறிப் பேசக்கூடியது.

நான்காவதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். கிருமி உள்ளே நுழைந்தால் அதற்கும் பெருக இரும்பு வேண்டும். அதனால் நோயெதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூகின்-6 என்ற சமிக்ஞையை அனுப்புகின்றன. கல்லீரல் ஹெப்சிடினைக் கொட்டுகிறது. குடல், விழுங்கணு என எல்லா வாசலும் அடைபடுகின்றன. ரத்தத்தில் எந்த நேரமும் டிரான்ஸ்ஃபெரினில் இருக்கும் இரும்பு வெறும் 3 மில்லிகிராம் அளவுதான். அது ஒரே நாளில் பல முறை காலியாகி நிரம்புவது. எனவே வாசலை அடைத்த சில மணி நேரத்திலேயே ரத்த இரும்பு விழுந்துவிடும், கிருமி பட்டினி கிடக்கும். காய்ச்சல் சில நாளில் இறங்கும், ஹெப்சிடினும் இறங்கும், மஜ்ஜை விட்ட வேலையைத் தொடரும். குறுகிய காலத்துக்கு இது அருமையான ஏற்பாடு.

காய்ச்சலே இல்லாமல் இந்த அழற்சி வருடக்கணக்கில் நீடித்தால்? பருமனில் நடப்பது அதுதான்.

கொழுப்புத் திசு எப்படி இதில் நுழைகிறது?

கொழுப்பைச் சும்மா சேர்த்து வைக்கும் இடமாக மட்டும் அதைப் பார்க்கக் கூடாது. கொழுப்புத் திசுவும் ஹார்மோன்களைச் சுரக்கிறது. எடை கூடும்போது கொழுப்பணுக்கள் உப்புகின்றன. அவற்றுக்கு ஆக்சிஜன் போதுமான அளவு போய்ச் சேர்வதில்லை, சில அணுக்கள் சாகின்றன. அவற்றைச் சுற்றி விழுங்கணுக்கள் வந்து குவிகின்றன. 2003-இல் அமெரிக்காவின் இரண்டு ஆய்வுக் குழுக்கள் பருமனான எலிகளின் கொழுப்புத் திசுவில் இந்தக் குவிதலை விரிவாகக் காட்டின. அங்கிருந்து இன்டர்லூகின்-6 உள்ளிட்ட அழற்சிச் சமிக்ஞைகள் ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். காய்ச்சலோ வலியோ கிடையாது. ரத்தத்தில் சிஆர்பி என்ற குறியீடு லேசாக ஏறியிருப்பது ஒன்றுதான் அடையாளம்.

வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு இதில் இன்னும் மோசம். அதன் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. ஹெப்சிடின் சுரக்கும் இடத்துக்கே சமிக்ஞை போய்ச் சேர்ந்துவிடுகிறது. தெற்காசியர்களுக்கு அதே எடையுள்ள ஐரோப்பியர்களைவிட வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்பதால்தான், இந்தியாவில் உடல் நிறைக் குறியீடு (பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25 என்றால் பருமன் என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் ஆளைப் பார்த்து "அப்படி ஒன்றும் குண்டு இல்லையே" என்று சொல்லிவிட முடியாது. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டியிருக்கிறதா என்பது கண்ணால் பார்ப்பதைவிட நல்ல அளவுகோல்.

அழற்சியோடு இன்னொரு தள்ளலும் உண்டு. கொழுப்பணுக்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் பருமனானவர்களிடம் அதிகம். ஆய்வகத்தில் கல்லீரல் அணுக்களின் மேல் லெப்டினை விட்டால் அவை ஹெப்சிடினைக் கூட்டுகின்றன. கொழுப்புத் திசுவே கொஞ்சம் ஹெப்சிடின் செய்வதாகவும் தெரிகிறது, ஆனால் கல்லீரல் தரும் அளவோடு ஒப்பிட்டால் அது சிறிதுதான்.

இப்போது உடலுக்குள் ஒரு இழுபறி நடக்கிறது. இரும்புக் கையிருப்பு குறைகிறது, எனவே ஹெப்சிடின் இறங்கி வாசல் திறந்தாக வேண்டும். அழற்சியோ அதை இறங்க விடுவதில்லை. பருமனோடு இரும்புக் குறைபாடும் உள்ள ஒரு பெண்ணிடம் ஹெப்சிடினை அளந்தால் அது மிக உயரத்தில் இருக்க வேண்டும் என்றில்லை. அவருடைய இரும்பு நிலைக்கு எவ்வளவு கீழே இருந்திருக்க வேண்டுமோ அதைவிட மேலே இருக்கும். ஒவ்வொரு நாளும் வர வேண்டிய ஒன்றிரண்டு மில்லிகிராமில் கொஞ்சம் குறைகிறது. மாதவிடாய் இழப்பு மட்டும் அப்படியே தொடர்கிறது. வருடங்கள் போகப் போகச் சேமிப்பு கரைந்துவிடுகிறது.

ஹெப்சிடின் ஒன்றின் மேலேயே முழுப் பழியையும் போடுவதும் சரியில்லை. வேறு காரணங்களும் கூடவே இருக்கின்றன: எண்ணெயும் சர்க்கரையும் மைதாவும் மிகுந்த சாப்பாட்டில் கலோரி நிறைய, இரும்பு குறைவு. பெரிய உடலில் ரத்தத்தின் கொள்ளளவும் அதிகம், அதை நிரப்ப இரும்பும் கூடுதலாக வேண்டும். பருமனால் மாதவிடாய் ஒழுங்கு கெட்டு, சிலருக்கு வரும்போது அதிகமாகப் போகும். ஆனால் சாப்பாட்டில் இரும்பு சமமாக இருந்தும் உறிஞ்சுவது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுவதால், ஹெப்சிடினுக்குத் தனி இடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆய்வுகள் காட்டியது

இந்தத் தொடர்பு புதிதல்ல. 1962-இலேயே ஊட்டச்சத்து அறிஞர் ழான் மேயரும் சக ஆய்வாளர்களும், பருமனான பதின்ம வயதினரின் ரத்தத்தில் இரும்பு குறைந்திருப்பதை லான்செட் இதழில் எழுதினார்கள். காரணம் அப்போது தெரியவில்லை. ஹெப்சிடின் கிடைக்க இன்னும் நாற்பது வருடம் இருந்தது.

2008-இல் மைக்கேல் சிம்மர்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு நமக்கு நெருக்கமானது. தாய்லாந்துப் பெண்களிடமும், மொராக்கோ, இந்தியக் குழந்தைகளிடமும் எடுக்கப்பட்ட தரவுகள் அவை. எடை கூடிய பெண்கள், இரும்புக் கையிருப்பு எப்படி இருந்தாலும், சாப்பாட்டிலிருந்து குறைவாகவே இரும்பை உறிஞ்சினார்கள். குழந்தைகளுக்கு இரும்புச்சத்து சேர்த்த உணவு கொடுத்தபோது, எடை கூடியவர்களிடம் முன்னேற்றம் குறைவாக இருந்தது. இந்தியாவில் ரேஷன் கடை, சத்துணவு வழியாகச் செறிவூட்டிய அரிசி கொடுத்து வந்திருக்கிறார்கள். கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு என்பது அதற்கான தரக்கணக்கு. அரிசியில் இரும்பைச் சேர்ப்பது நல்லதுதான். ஆனால் வாங்கிச் சாப்பிடுபவர்களில் எடை கூடியவர்களின் பங்கு வளர வளர, ஒரே அரிசி எல்லோருக்கும் ஒரே பலனைத் தரும் என்ற கணக்கு பொருந்தாமல் போகும். திட்டம் போடுபவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டே தீர வேண்டும் என்பது என் கருத்து.

2015-இல் வந்த இன்னொரு ஆய்வு, வைட்டமின் சி-யைச் சோதித்தது. சாப்பாட்டோடு எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் இரும்பு நன்றாக ஏறும் என்பது எல்லோருக்கும் தெரிந்த ஆலோசனை. சராசரி எடையுள்ள பெண்களிடம் வைட்டமின் சி உறிஞ்சுதலை 56 சதவீதம் கூட்டியது. அதிக எடையுள்ள பெண்களிடம் 28 சதவீதம்தான் கூட்டியது. வைட்டமின் சி வேலை செய்வது குடல் அணுவின் முன்பக்கத்தில். பின்பக்க வாசல் பாதி சாத்தியிருக்கும்போது முன்பக்கத்தில் எவ்வளவு உதவினாலும் பலன் பாதியாகிவிடுகிறது. ஆலோசனை தவறு என்று இதற்கு அர்த்தமில்லை, அது மட்டும் போதாது.

ரிப்போர்ட்டில் வரும் குழப்பம்

இங்கேதான் நடைமுறையில் பெரும் தவறு நடக்கிறது. ஒரு மாதிரி ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். 34 வயதுப் பெண். உயரம் 158 சென்டிமீட்டர், எடை 82 கிலோ. ஹீமோகுளோபின் 11.2. ஃபெரிட்டின் லிட்டருக்கு 46 மைக்ரோகிராம். லேப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் சாதாரண வரம்பு 13 முதல் 150. ஃபெரிட்டின் வரம்புக்குள் இருக்கிறது, ஆகவே இரும்புக் குறைபாடு இல்லை என்று முடித்துவிடலாமா?

கூடாது. ஃபெரிட்டின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவுகோல் என்பது அழற்சி இல்லாத உடலுக்குத்தான் சரி. அழற்சி இருந்தால், சேமிப்பு எப்படி இருந்தாலும் ஃபெரிட்டின் ஏறும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் தந்த வழிகாட்டுதல் இதைத் தெளிவாகப் பிரிக்கிறது: ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே என்றால் இரும்புக் குறைபாடு, தொற்றோ அழற்சியோ உள்ளவர்களுக்கு 70-க்குக் கீழே என்றாலே குறைபாடு எனக் கொள்ளலாம். அதே பெண்ணின் சிஆர்பி 11 என்று வந்தால் (5-க்கு மேல் போனால் அழற்சி என்று எடுத்துக்கொள்வது வழக்கம்), அவருடைய 46-ஐ 70 என்ற கோட்டோடுதான் ஒப்பிட வேண்டும்.

அடுத்து டிரான்ஸ்ஃபெரின் செறிவைப் பார்க்கலாம். ரத்தத்தில் உள்ள இரும்பை, டிரான்ஸ்ஃபெரின் மொத்தமாகச் சுமக்கக்கூடிய அளவால் வகுத்து, சதவீதமாகச் சொல்வது. இவரிடம் இரும்பு 42, மொத்தக் கொள்திறன் 350 என்று இருந்தால் செறிவு 12 சதவீதம். 20-க்குக் கீழே என்றால் மஜ்ஜைக்குப் போகும் இரும்பு போதவில்லை. மூன்று எண்ணையும் சேர்த்துப் படித்தால்தான் படம் வருகிறது: இவருக்கு இரும்பு குறைவு, அழற்சி அதை மறைத்து வைத்திருக்கிறது. கரையும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி என்ற பரிசோதனை அழற்சியால் அதிகம் பாதிக்கப்படாது, ஆனால் செலவு அதிகம், எல்லா லேபிலும் கிடைக்காது. சிஆர்பி, ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் செறிவு மூன்றும் சேர்ந்தாலே பெரும்பாலான குழப்பம் தீர்ந்துவிடும்.

இதே கதையின் மறுபக்கம்: ஃபெரிட்டின் மிக உயரமாக வந்தால்

ஃபேட்டி லிவர், சர்க்கரை, தொப்பை உள்ள ஒரு ஆணுக்கு ஃபெரிட்டின் 500 என்று வந்தால் வீட்டில் எல்லோரும் பயந்துபோவார்கள். பல நேரங்களில் இதன் பின்னாலும் அதே அழற்சிதான். கொழுப்பு படிந்த கல்லீரல் அணுக்கள் நோகும்போது ஃபெரிட்டின் ரத்தத்தில் கூடுகிறது. வாசல் அடைபட்டதால் கல்லீரலில் லேசாக இரும்பும் தங்கலாம். டிரான்ஸ்ஃபெரின் செறிவு 45 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், பரம்பரை இரும்பு மிகைநோயான ஹீமோகுரோமடோசிஸ் இருக்க வாய்ப்பு குறைவு. அந்த நோய்க்குக் காரணமான, வட ஐரோப்பியர்களிடம் பரவலாக உள்ள மரபணு மாற்றம் இந்தியர்களிடம் அரிது.

ரத்தத்தை எடுத்து இரும்பைக் குறைத்தால் சர்க்கரையும் கல்லீரலும் சரியாகுமா என்று சோதித்துப் பார்த்தார்கள். நம்பும்படியான பலன் வரவில்லை. எடையையும் சர்க்கரையையும் கவனிப்பதுதான் சிகிச்சை.

ஆனால் மிகை இரும்பு அப்பாவி என்றும் சொல்ல முடியாது. கொழுப்பணுக்களுக்குள் இரும்பு கூடினால் அடிபோனெக்டின் என்ற ஹார்மோன் குறைகிறது என்றும், அது குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை என்றும் 2012-இல் வந்த ஆய்வு காட்டியது. ஆகவே "சோர்வாக இருக்கிறது, இரும்பு டானிக் வாங்கிக் குடி" என்று பரிசோதனை இல்லாமல் கடையில் வாங்குவது சரியில்லை. குறிப்பாக ஆண்களும், மாதவிடாய் நின்ற பெண்களும். அவர்களுக்கு உண்மையிலேயே இரும்பு குறைந்திருந்தால், குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். டானிக் அந்தத் தேடலைத் தள்ளிப்போட்டுவிடும்.

சிகிச்சையில் இதனால் என்ன மாறுகிறது?

1. மாத்திரையின் நேரம். 60 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இரும்பு எடுத்தால் ஹெப்சிடின் ஏறி ஒரு நாள் வரை இறங்காது. அடுத்த நாள் போடும் மாத்திரை, அடைத்த வாசலில் போய் நிற்கும். 2017-இல் சுவிட்சர்லாந்தில், இரும்புக் கையிருப்பு குறைந்த பெண்களிடம் செய்த ஆய்வில், தினமும் எடுத்தவர்கள் மாத்திரையில் 16.3 சதவீதத்தையும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தவர்கள் 21.8 சதவீதத்தையும் உறிஞ்சினார்கள். வயிற்று எரிச்சலும் மலச்சிக்கலும் தாங்காமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள், "ஒரு நாள் விட்டு எடுக்கலாமா" என்று மருத்துவரிடம் கேட்கலாம். கர்ப்பிணிகளுக்கு அரசுத் திட்டத்தில் தினமும் என்றுதான் இருக்கிறது, அவர்கள் தாங்களாக மாற்றக் கூடாது.

2. கூடவே எடுக்கும் பொருட்கள். டீ, காபி இரண்டும் இரும்பை உறிஞ்ச விடாது. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். கால்சியம் மாத்திரையைத் தனி வேளைக்கு மாற்ற வேண்டும். பருமனானவர்களுக்கு நெஞ்செரிச்சல் அதிகம், அதற்காக பான்டோபிரசோல், ஒமிப்பிரசோல் மாதக்கணக்கில் எடுப்பவர்கள் நிறைய. அமிலம் குறைந்தால் இரும்பு கரையாது. இதைச் சொல்லாமல் விட்டால் மருத்துவருக்கு மாத்திரை ஏன் பலிக்கவில்லை என்று தெரியாது.

3. சாப்பாடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை, பெண்களுக்கு நாளுக்கு 29 மில்லிகிராம், ஆண்களுக்கு 19. நம் தானிய, பருப்புச் சாப்பாட்டிலிருந்து கொஞ்சம்தான் உடலில் சேரும் என்பதால்தான் எண் இவ்வளவு பெரிதாக இருக்கிறது. எடையைக் குறைக்கிறேன் என்று வேளையையே விட்டுவிடுபவர்களுக்கு இது இன்னும் எட்டாமல் போகும். அரிசியைக் குறைத்து கேழ்வரகு, கம்பு, கீரை, சுண்டல் வகைகளைக் கூட்டுவது, அசைவம் சாப்பிடுபவர்கள் மீனையும் ஈரலையும் அளவாகச் சேர்ப்பது, இரண்டும் எடைக்கும் இரும்புக்கும் பொருந்தும்.

4. எடைக்குறைப்பு. இதை இரும்புக்கான சிகிச்சையாகவே பார்க்க ஆதாரம் இருக்கிறது. 2010-இல் இத்தாலியில் பருமனான குழந்தைகளிடம் ஆறு மாத எடைக்குறைப்புத் திட்டத்துக்குப் பிறகு ஹெப்சிடின் இறங்கியது, இரும்பு உறிஞ்சுவதும் கூடியது. இரும்பு மாத்திரையை மாற்றாமலேயே வாசல் திறக்க முடியும் என்பதற்கு இது நேரடிச் சான்று. ஆனால் எடை குறைய மாதங்கள் ஆகும். ஹீமோகுளோபின் 8-இல் இருப்பவரிடம் "முதலில் எடையைக் குறைத்துவிட்டு வா" என்று சொல்வது அநியாயம். இரண்டையும் ஒன்றாக ஆரம்பிக்க வேண்டும்.

5. ஊசி வழி இரும்பு. மாத்திரை பலிக்காதவர்களுக்கு ரத்தக் குழாயில் ஏற்றும் இரும்பு குடலைத் தாண்டிப் போகிறது. அதையும் முதலில் விழுங்கணுக்கள்தான் வாங்கிக்கொள்கின்றன, அங்கிருந்து வெளியேறவும் அதே வாசல்தான். ஆனால் ஒரே தடவையில் போகும் அளவு பெரிது என்பதால், அடைப்பு ஓரளவு இருந்தாலும் மஜ்ஜைக்குப் போதுமானது கிடைத்துவிடுகிறது.

இரண்டு தனி நிலைகள்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்பவர்கள் தமிழகப் பெருநகரங்களிலும் இருக்கிறார்கள். எடை இறங்கும்போது ஹெப்சிடின் இறங்கி இரும்புக்கு நன்மை கிடைக்கும். ஆனால் பைபாஸ் முறையில் உணவு முன்சிறுகுடலைத் தொடாமலே கடந்துபோகிறது. இரும்பு உறிஞ்சும் முக்கிய இடமே விட்டுப்போகிறது. இரைப்பையைச் சுருக்கும் ஸ்லீவ் முறையில் குடல் மாறுவதில்லை, ஆனால் அமிலமும் சாப்பாட்டின் அளவும் குறைகின்றன. ஆகவே அறுவைக்கு முன்பே இரும்பைச் சரிசெய்து, பிறகு ஆயுள் முழுவதும் குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். எடை குறைந்து நன்றாக இருக்கிறோம் என்று இரண்டாம் வருடத்தில் பரிசோதனையை விட்டுவிடுவதுதான் இவர்களிடம் அதிகம் நடக்கும் தவறு.

கர்ப்பம் இன்னொன்று. ஒரு கர்ப்பத்துக்கு மொத்தமாக சுமார் 1 கிராம் இரும்பு தேவை. ஆரோக்கியமான கர்ப்பத்தில் ஹெப்சிடின் இரண்டாம், மூன்றாம் மும்மாதங்களில் மிகவும் இறங்கி, குடல் வாசலை அகலத் திறந்துவிடுகிறது. பருமனோடு கர்ப்பமாகும் பெண்களிடம் இந்த இறக்கம் முழுமையாக நடக்காமல் போகலாம். குழந்தை முதல் ஆறு மாதம் வாழப்போவது பெரும்பாலும் வயிற்றில் இருக்கும்போது சேர்த்த இரும்பை வைத்துத்தான். மூளை வேகமாக வளரும் காலமும் அதுவே. எனவே எடை கூடிய ஒரு பெண் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே ஃபெரிட்டின், சிஆர்பி, டிரான்ஸ்ஃபெரின் செறிவு மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. மூன்றாம் மாதத்தில் ஹீமோகுளோபின் 11-க்கு மேல் இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்துக் கையிருப்பு போதும் என்று முடிவு செய்ய முடியாது.